கஜபதியின் நுரையீரலும் மச்சானின் கையும்

"நைனா, நாளைக்குக் காலைல நவீன்குமார்னு ஒருத்தர் கடைக்கே வந்து ரத்தம் எடுப்பாரு. ரத்தத்துல இருக்கிற டிஎன்ஏவை வெச்சே நுரையீரல்ல கேன்சர் அறிகுறி கீதானு பாப்பாங்களாம். அப்படியே சுகரும் பாத்துடுங்க."

சென்னையிலிருந்து மகள் ஷோபனா போனில் சொன்னதும் கஜபதி கையிலிருந்த பீடியை அவசரமாக அணைத்தார்.

நோய்க்குப் பயந்து அல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால் திருத்தணி மலையில் மொட்டை போட்டு, மனைவி சந்திரா எதிரிலேயே பீடியை விட்டதாகச் சத்தியம் செய்த மகானுபாவர் அவர். மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. பின்பக்கம் ஒரு பீடி பற்றவைத்தால் முன்பக்கம் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றிவிடுவார். வாசனைக்கு வாசனை சரியாகப் போய்விடும். இப்போது டிஎன்ஏ என்று ஏதோ வந்து போட்டுக்கொடுத்துவிட்டால்?

மச்சான் நாகேந்திரனைப் பிடித்தார். பீடி, பாக்கு எதையும் தொடாத ஆள். லட்டை மட்டும் விடமாட்டார்.

"சுகருக்கு என் ரத்தம், நுரையீரலுக்கு உன் ரத்தம். பேரு மட்டும் என்து."

"இன்னா பாவா, ரத்தத்துல போயி ஆள்மாறாட்டம்?"

"உங்கக்காகிட்ட நான் மாட்டினா உனக்குச் சந்தோஷமா?"

மறுநாள் நவீன்குமாரிடமும் விஷயத்தைச் சொன்னார். நவீன்குமார் ஒரு நிமிஷம் யோசித்து, "சரிங்க சார், உக்காருங்க" என்றார். ஊசி என்றால் கஜபதிக்கு ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலை ஆகிவிட்டது. அடுத்து நாகேந்திரன் கையை நீட்டினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. நுரையீரலில் கேன்சர் அறிகுறி இல்லை. சர்க்கரை மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு.

சந்திரா பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். அன்றிலிருந்து கஜபதிக்குக் காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் கேழ்வரகுக் களி. வேண்டுதலுக்குச் செய்த சர்க்கரைப் பொங்கல் முழுசும் நாகேந்திரனுக்குப் போனது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் இருமல் வந்தது.

"சந்திரா, நெஞ்சு ஒரு மாதிரியா கீது."

"அதான் டிஎன்ஏவே சொல்லிடுச்சே. பேசாம சாறைக் குடிங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுத்தம் என்று சொன்னது மச்சானின் நுரையீரலை. தன்னுடையதை யாருமே பார்க்கவில்லை. ஷோபனாவுக்கு இது ஏழாம் மாதம். பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று நினைத்தபோது பீடி பற்றவைக்கக் கை வரவில்லை. ஒரு வாரம் பீடிக் கட்டு அப்படியே கிடந்தது.

எட்டாம் நாள் அதை எடுத்துச் சந்திரா முன்னால் வைத்து, எல்லாவற்றையும் கொட்டினார்.

"கழுதைக்குத்தான் கற்பூர வாசனை தெரியாது," என்றாள் சந்திரா. "எனக்கு அதோட வந்த பீடி வாசனையும் நாலு வருஷமா தெரியும். பயந்துபோய்த்தான் பொண்ணாண்ட சொல்லி டெஸ்ட்டுக்கு ஏற்பாடு பண்ணேன். அதுலயும் ஏமாத்திட்டீங்களே. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரைத் திட்டிகினு இருப்பேன்?"

அழுகையை அடக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கஜபதி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இனி பீடியைத் தொடுவதில்லை என்றார். இந்தத் தடவை சத்தியம் எதுவும் செய்யவில்லை.

மறுபடி ரத்தம் எடுக்க நவீன்குமாரை வரச்சொன்னார்கள். அக்காவுக்குத் துணையாக நாகேந்திரனும் வந்து, கையோடு கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு லட்டை முடித்திருந்தார்.

கதையைக் கேட்ட நவீன்குமார் பையைத் திறக்கவே இல்லை.

"எதுக்கு சார் இன்னொரு தபா? கேன்சர் டெஸ்ட்ல ஆள் மாத்த நான் ஒத்துக்குவனா? நீங்க கண்ணை மூடிகினு முருகா சொன்னப்பவே நுரையீரலுக்கு உங்க ரத்தத்தை எடுத்துட்டேன். மச்சான் சார், மிச்சம் இருந்த சுகர் குழாய்லதான் உங்க ரத்தம் போச்சு. அந்த ரெண்டாவது லட்டைக் கீழ வெச்சுடுங்க."