இரண்டாவது நகர்விலேயே ராஜா

மார்ச் 9, ஞாயிறு, காலை 10 மணி 17 நிமிடம், இரண்டாவது நகர்வு.

சதுரங்கக் கழகத்தின் நடுவரும் என் தாய்மாமாவுமான உங்களுக்கு மருமகன் எழுதும் மேல்முறையீடு. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

மேற்படி நிமிடத்தில் நடந்தது இதுதான்: ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நான் இரண்டு கட்டம் தள்ளினேன், எதிரே உங்கள் மகளும் அதையே செய்தாள், அதுவரை எல்லாம் பத்து வாரம் நான் மனப்பாடம் செய்த தொடக்கத்தின்படியே போனது, அப்போது பார்த்தால் என் ராஜா கட்டத்தின் நடுவில் இல்லை, மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது, தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்ப்பவன் நான், அரை மில்லிமீட்டர் தப்பினாலே கை தானாகப் போகும், போய்விட்டது, ஒரு விரலால் நடுவில் தள்ளிவிட்டு, "சும்மா சரி பண்றேன்" என்றேன், அதற்கு நீங்கள், "தொடறதுக்கு முன்னாடி சொன்னாத்தான்டா அது அறிவிப்பு, தொட்ட பிறகு சொன்னா வாக்குமூலம். தொட்ட காயை நகர்த்து" என்றீர்கள், வேறு வழியில்லாமல் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தேன், உங்கள் மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "என்ன அத்தான், ராஜா காலையிலேயே வாக்கிங் கிளம்பிட்டாரு" என்கிறாள், பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சிரிக்கிறார்கள், நீங்களும் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றதை நான் பார்த்தேன்.

தோற்றேன். கழக அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். எங்கள் இருவரில், மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்கு அது. மூன்று வருடமாக அந்த இடத்துக்குத்தான் காத்திருக்கிறேன், ஒரு விரலுக்காக விட்டுத்தர முடியாது. முதல் ஆட்டத்தை ரத்து செய்யுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடையாது.

பிடிவாதத்துடன்,
மருமகன்

பின்குறிப்பு: ஆதாரத்துக்காக, ஒவ்வொரு நகர்வின் நேரமும் எழுதிய ஆட்டக் குறிப்பைப் படியெடுத்தேன். என் ராஜா நகர்ந்ததும் உங்கள் மகள் அடுத்த நகர்வுக்கு இருபத்திரண்டு நிமிடம் எடுத்திருக்கிறாள். ஆட்டமும் ஐம்பத்தோரு நகர்வு ஓடியிருக்கிறது, அவளிடம் நான் இருபதைத் தாண்டியதே இல்லை. காரணம் இப்போதுதான் உறைத்தது: அந்தப் பத்து வாரமும் அவளை எதிரே உட்கார வைத்துத்தான் தொடக்கத்தைப் பழகியிருக்கிறேன், அது அவளுக்கும் மனப்பாடம், ராஜா நகர்ந்தது மட்டும்தான் அவளுக்குப் புதிது. ஆகவே,

1. மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுகிறேன்.
2. வரும் ஞாயிறு எனக்குக் கறுப்புக் காய். இரண்டாவது நகர்வில் ராஜாவைத் தொடுவேன், வாயைத் திறக்க மாட்டேன்.
3. உங்கள் வீட்டில் கடிதம் பிரிப்பது அவள்தான். அதனால் இதை அந்த ஆட்டம் முடிந்த பிறகு உங்கள் கையில் தருவேன்.
4. தோற்றிருந்தால் எண் 1 செல்லாது.