இருக்கட்டும் சாரின் பவர் சப்ளை

குறைவாகச் செய்து கெட்டவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியாகிவிட்டது. கூடுதலாகச் செய்தே குடியைக் கெடுக்கும் ஓர் இனம் உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. 'இருக்கட்டும்' இனம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இரண்டு ஸ்குரூ போதும் என்கிற இடத்தில் ஆறு ஸ்குரூவை முடுக்கிவிட்டு, "இருக்கட்டும்" என்பார்கள். பத்து மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே போய் உட்கார்ந்து, பெஞ்சிலேயே தூங்கி, ரயிலைக் கோட்டை விடுவார்கள். பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் அவருக்கு 'இருக்கட்டும் சார்' என்றே பெயர். அவருடைய மனைவி வீட்டின் முன்னறையில் பெயர்ப்பலகை எழுத்துகள் அறுத்து விற்கிறாள். பலகையில் கோடு போட்டு, கையாலேயே ரம்பம் பிடித்து, மணிக்கட்டு வீங்கி, கடைசியில் எழுத்து வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டாள். அதில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார். சொன்ன அளவுக்குச் சின்னச் சின்ன எட்டாக நகர்ந்து கத்தியை இழுத்துப் போகும். எல்லாம் இருந்தது, மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை ஒன்றைத் தவிர.

அந்த நேரம் பார்த்து ஒரு புதுப் பள்ளிக்கூடம் அவளைத் தேடி வந்தது. வாசல் பலகை, வகுப்புக் கதவுகள், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். பள்ளி திறப்பதற்குள் வேண்டும். கொடுத்துவிட்டால் ஆண்டுதோறும் வேலை அவளுக்கு. கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார்.

"கடையில ரெடிமேடா கிடைக்குதாமே, ஒண்ணு வாங்கிடலாமாங்க?" என்று கேட்டாள் மனைவி. ஐயோ, கேட்டிருக்கவே கூடாது!

"ரெடிமேடா! ஸ்டெப்பர் மோட்டார்னா என்னன்னு நெனச்சே? சும்மா நின்னுக்கிட்டிருக்கும்போதும் கரண்டு குடிக்கும் அது. கடைச் சரக்கு சூடாகி எரிஞ்சே போயிடும். நானே செஞ்சு தரேன். ஒரே வாரம்."

ஒரே வாரம்! கணக்குப் போட்டார். ஐந்து ஆம்பியர் போதும் என்று வந்தது. வந்த கணக்கை நம்பினால் அவர் அந்த இனமே இல்லையே? இருக்கட்டும் என்று பத்தாக்கினார். வெயில் காலத்தில் டிரான்ஸ்பார்மர் சூடாகுமே என்று பதினைந்தாக்கினார். நாளைக்கே நாலாவது மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று இருபதாக்கினார். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் இரண்டு போட்டால் தாராளம். தண்ணீர் டம்ளர் பருமனில் பன்னிரண்டு போட்டார். அத்தனையையும் அடைக்க இரும்புப் பெட்டி. பெட்டியைத் தூக்கக் கைப்பிடி இரண்டு. அவை பிய்த்துக்கொண்டு வந்ததால் நாலு. பெட்டியை வைத்ததும் மேஜை வளைந்தது. வளையாத மேஜை ஒன்றை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டு வந்தார்.

இரண்டு மாதம் போயிற்று. மனைவி வீங்கிய கையோடு 'முதல் வகுப்பு' அறுத்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அவசரப்பட்டா ஆகுமா?" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார். உபதேசத்துக்கு மட்டும் எந்தப் பவர் சப்ளையும் தேவைப்படவில்லை.

பள்ளி திறக்க மூன்றே நாள் இருந்தபோது பெட்டி தயாரானது. மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

டப்!

கட்டடம் முழுவதும் கரண்டு போயிற்று. பசித்த பன்னிரண்டு பேர் ஒரே பானையில் ஒரே நேரத்தில் கை விட்டால் பானை தாங்குமா? காலியாக இருந்த கெப்பாசிட்டர்கள் பன்னிரண்டும் ஒரே மூச்சில் கரண்டை இழுக்க, மெயின் பிரேக்கர் விழுந்துவிட்டது. தூக்கி விட்டார், மறுபடி டப். மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் கத்தினார்: "யோவ், கீழ என்னய்யா பண்ற? கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப் போச்சு!"

மனுஷனாகப் பிறந்தவன் பத்து கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்ப்பான். இவர் சொன்னது என்ன தெரியுமா? "பிரேக்கர் சின்னதா இருக்கு. பெருசா ஒண்ணு வாங்கிட்டு வரேன்." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார்!

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவியும் கிளம்பினாள். போன வேகத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரெடிமேட் பவர் சப்ளையோடு திரும்பினாள். மூடியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து ஒயரை மாட்டி, விழுந்து கிடந்த பிரேக்கரைத் தூக்கி விட்டாள். அவர் பிரேக்கரோடு வந்து நின்றபோது இயந்திரம் 'ஆய்வுக்கூட'த்தின் 'ஆ'வை வளைத்து முடித்திருந்தது.

வெட்கப்பட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. அவர் நேராகப் போய் அந்தச் சின்னப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, பாத்தியா! சுடுது!"

"நானும்தான் ரெண்டு மாசமா கொதிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள் மனைவி, தலை நிமிராமல். "வேலை ஓடலையா?"

எழுத்துகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டு வேலையும் அவளுக்கே கிடைத்தது. இரும்புப் பெட்டியும் வீணாகவில்லை. பெயின்ட் அடித்த எழுத்துகளை அதன் மேல்தான் காயவைக்கிறாள்.

ஆனால் இருக்கட்டும் சார் இருக்கிறாரே, இன்றைக்கும் காலையில் பல் விளக்குமுன் முன்னறைக்கு வந்து அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற அக்கறை என்று ஏமாந்துவிடாதீர்கள். என்றைக்கு எரியும் என்று பார்க்கிறார். வீட்டில் உலை கொதிப்பதே அந்தப் பெட்டியால்தான். இருந்தும் அது புகைந்துபோகிற நாள்தான் அவருக்கு நல்ல நாள். குடும்பம் நின்றாலும் பரவாயில்லை, தான் சொன்னது நிற்க வேண்டும். த்தூ!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'பன்னிரண்டு போட்டால் என்ன, மெதுவாக நிரம்பும்படி ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருந்தால் டிரிப் ஆகியிருக்காதே' என்று நடுவில் உங்கள் மனசு அவருக்காக வக்காலத்து வாங்கியதா? போகட்டும். அந்தச் சின்னப் பெட்டி ஒரே ஒரு நாள், லேசாக, புகைந்து காட்டினால் நன்றாயிருக்குமே என்று தோன்றியதா? உண்மையைச் சொல்லுங்கள். தோன்றியிருந்தால், தயவுசெய்து அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பெட்டி சின்னது, இரண்டு உள்ளங்கைக்கு இடம் போதாது.