கோட்டுச்சாமியின் திருநீற்றுக் கோடு

வெள்ளிக்கிழமை ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டம் போகிற பக்கம் போனால் போதும். கூட்டத்தில் பாதிப் பேர் நடக்க மாட்டாதவர்கள். மீதிப் பேர் அவர்களைத் தாங்கி வருகிறவர்கள். மற்ற நாளில் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்கள் அன்றைக்குச் சாமிக்கு ஆள் ஏற்றும். டிரைவர்கள் அதையும் லோடு என்றுதான் சொன்னார்கள்.

சாமிக்குப் பெயர் கோட்டுச்சாமி. கோட்டு மாட்டியவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோடு போடுகிறவர். ஒரு நோய் இருக்கிறது. கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சன் என்பார்கள். டாக்டர்களுக்கு அது மூளையில் வரும் கோளாறு. கோட்டுச்சாமிக்கு அது காலைப் பிடித்த காத்துக்கறுப்பு. டாக்டரிடம் போனால் ஆயுசுக்கும் மாத்திரை. சாமியிடம் வந்தால் உடனே மகிமை. கூட்டம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா?

மகிமை நடக்கும் இடம் ஒரு பழைய தீப்பெட்டி குடோன். வழவழவென்று சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். அதைச் சாமியே அளவு சொல்லிக் கட்டவைத்தார். நோயாளி அந்த வாசல் வரைக்கும் எப்படியோ வந்துவிடுவார். வந்ததும் கால் நின்றுவிடும்.

"பாத்தீகளா, உள்ள விடாமப் பிடிச்சிருக்கு" என்பார் சாமி.

பிறகு பல ஊர்ச் சுடுகாட்டுச் சாம்பல் கலந்த திருநீற்றை அள்ளி, தரையில் குறுக்குக் குறுக்காக, ஏணிப்படி மாதிரி கோடு இழுப்பார். "தாண்டு" என்பார். ஒட்டிக்கிடந்த கால் தூக்கும். ஒரு கோடு, அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. ஆள் குடோனின் அந்தக் கோடிக்குப் போய் நிற்பார். பெண்கள் குலவை போடுவார்கள். செல்போன்கள் உயரும்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அவர்கள் நடந்தது பொய்யில்லை. உண்மையாகவே நடந்தார்கள். எதனால் நடந்தார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

சாமி காசைத் தொட மாட்டார். காசு தீட்டு. அதனால் தங்கமாகத்தான் வாங்கிக்கொள்வார். உள்ளே ஓர் உண்டியலும் இருந்தது. அது மாத்திரை உண்டியல். மருந்தும் திருநீறும் ஒரே வயிற்றில் தங்காதாம். பக்தர்கள் மாத்திரை அட்டைகளை அதில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்கள்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர் ஏழாயிரம்பண்ணை சங்கிலிமுத்து. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து, நோய் வந்து நின்றுபோனவர். அவர் மனைவி சண்முகத்தாய் இன்னும் அதே கம்பெனிக்குப் போகிறாள். புருசன் முதல் தடவை கோடு தாண்டிய அன்று அவள் அழுத அழுகையில் கம்மலைக் கழற்றிக் கொடுத்ததே அவளுக்கு உறைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சங்கிலிமுத்துவின் கால் வாசலிலேயே நின்றது. சாமியிடம் கேட்டால், "கறுப்பு வெளியேறப் போகுது. அதான் இறுக்குது. அடுத்த வெள்ளி வா" என்றார். வெள்ளிக்கு வெள்ளி இறுக்கம் கூடியது. படுக்கையில் புரள முடியவில்லை. சோறு தொண்டையில் சிக்கியது. கறுப்பு மட்டும் வெளியேறவில்லை.

இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை விருதுநகரிலிருந்து முகம்மது யூசுப் வந்தார். பை, பெட்டி விற்கிற கடைக்காரர். அவருக்கும் அதே நோய். போனில் வீடியோ பார்த்து ஆசை வந்துவிட்டது. மனைவி பீவி ஜானுக்கு இஷ்டமில்லை.

"ஓதி ஊதியாச்சு, தாயத்துக் கட்டியாச்சு. இதை மட்டும் விடுவானேன்" என்றார் யூசுப்.

"வாரேன். ஆனா மாத்திரை நேரத்துக்கு மாத்திரை. அதுக்கப்புறந்தான் உங்க சாமி" என்று மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பீவி ஜான் கிளம்பினாள்.

யூசுப்பும் வாசலில் நின்றார். சாமி கோடு இழுத்தார். யூசுப் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போனார். குலவை கூரையைப் பிய்த்தது. அந்தக் கோடியிலிருந்து, "பாத்தியா பீவி" என்றார்.

"பாத்தேன். நம்ம ஹாலுல கறுப்பும் வெள்ளையுமா கல்லு பதிச்சிருக்கோம்ல, அதுலயும் இப்பிடித்தான தாண்டித் தாண்டிப் போறீக. அடுப்படி வாசல்ல போயித்தான நிக்கிறீக."

யூசுப் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அடுத்து சங்கிலிமுத்துவின் முறை. இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். வாயோரம் எச்சில் வழிந்தது. சண்முகத்தாய் முந்தானையால் துடைத்தாள். அவளிடம் விஷயம் கேட்ட பீவி ஜானுக்கு முகம் மாறிவிட்டது.

"மாத்திரைய நிறுத்திட்டீகளா? அது திடீர்னு நிறுத்துற மாத்திரை இல்ல தாயி. உசுருக்கே ஆபத்துன்னு எங்க டாக்டரு சொல்லிச் சொல்லி அனுப்புவாரு."

"சாமி சொல்லுச்சேக்கா."

பீவி ஜான் நேராகச் சாமியிடம் போனாள். "சாமி, திருநீறுதான நடக்க வைக்குது? கோடு வேண்டாம். அந்தத் திருநீற அப்பிடியே தரை பூராவும் பரப்பி விடுங்க. அவரு காலுலயும் பூசி விடுங்க. நடக்கட்டும்."

சாமியின் உதவியாள் பாண்டிச்செல்வம் குறுக்கே வந்தான். "வேத்து மதத்துக்காரிக்கு இங்க என்ன பேச்சு?"

"நிக்கிறது எம் புருசன் காலு" என்றாள் சண்முகத்தாய். "நாந்தான் கேக்கேன். பரப்பு."

கூட்டமும் பரப்பச் சொன்னது. மகிமை என்றால் கூட்டத்துக்கு எதுவும் கூடுதலாகத்தான் வேண்டும். வேறு வழியில்லாமல் பாண்டிச்செல்வம் மூட்டையைக் கவிழ்த்தான். தரை வெள்ளை வெளேர் என்றானது. சங்கிலிமுத்துவின் கால் முழங்கால் வரை வெள்ளையானது. அசையவில்லை. சாமி மந்திரம் சொன்னார். அப்போதும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் தும்மினார்.

"இப்ப இதக் கூட்டித் தள்ளிட்டு, திருநீறு இல்லாம வேற எதையாச்சும் குறுக்க வையி தாயி" என்றாள் பீவி ஜான்.

சண்முகத்தாய் சுற்றிலும் பார்த்தாள். சந்தைக்குப் போய்விட்டு வந்த பெண் ஒருத்தியின் கூடையில் முருங்கைக்காய்க் கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கினாள். தரையைக் கூட்டிவிட்டு ஒவ்வொரு காயாகக் குறுக்கே வைத்துக்கொண்டே போனாள்.

"எட்டு வைங்க" என்றாள் புருசனிடம். "காய மிதிச்சிராதீக. அடுத்தவுக காயி."

சங்கிலிமுத்து குனிந்து காயைப் பார்த்தார். கால் தூக்கியது. ஒரு காயைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். குலவை போடுவதா வேண்டாமா என்று பெண்களுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சாமி வாயைக் கொடுத்து மாட்டினார். "ரொம்ப நெருக்கி வைக்கியே. எட்டுக் குட்டையாகி ஆளு விழுந்துருவாரு. தள்ளித் தள்ளி வையி."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"இத எந்தச் சுடுகாட்டுல படிச்சீக சாமி?" என்றாள் பீவி ஜான்.

யூசுப் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிக்க, முன்வரிசை சிரிக்க, சிரிப்பு குடோன் பூராவும் பற்றிக்கொண்டது. பாண்டிச்செல்வமும் சிரித்துவிட்டான். கூட்டம் நெருங்கவும் சாமி உண்மையைக் கக்கினார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நடைப்பயிற்சி நிலையத்தில் உதவியாளாக இருந்தாராம். தரையில் குறுக்கே டேப் ஒட்டுவதுதான் வேலையாம். கண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் ஒட்டிய கால் தூக்கும், ஒடுக்கமான வாசலில் நின்றுவிடும் என்பதெல்லாம் அங்கே பார்த்ததுதானாம்.

"இத மொத நாளே சொல்லியிருந்தா, கம்மல சந்தோசமாவே குடுத்திருப்பேனே" என்றாள் சண்முகத்தாய். "மாத்திரைய ஏன்யா நிறுத்தச் சொன்ன?"

மாத்திரையில் குணம் தெரிந்தால் மகிமைக்கு ஏது மவுசு? நகைகளை அங்கேயே திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். போலீஸ் வந்து கூட்டிப் போனபோது, ஏறும் வேனுக்குக் குறுக்கே யாரோ ஒரு முருங்கைக்காயை வைத்தார்கள். சாமி தாண்டித்தான் ஏறினார்.

சங்கிலிமுத்துவை அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் திட்டிவிட்டுத்தான் வைத்தியத்தைத் தொடங்கினார். நோய் போகவில்லை. போகாது என்று சண்முகத்தாய்க்கும் தெரியும். கை இன்னும் நடுங்குகிறது. ஆனால் சோறு இறங்குகிறது. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை, அங்கிருந்து தெருவாசல் வரை, பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டி வைத்திருக்கிறாள். ராத்திரி அவர் யாரையும் எழுப்பாமல் போய்வருகிறார். காலையில் டீக்கடைக்கு நடந்து போய் அரசியல் பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அவருக்கு அது போதும்.

கொஞ்ச நாள் கழித்து மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு குடும்பம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. தட்டில் பூ, பழம், வெற்றிலை. சண்முகத்தாய் காலில் விழப் போனார்கள்.

"அம்மா, அன்னிக்கு வச்ச முருங்கைக்காயில ஒண்ணு இருந்தாக் குடுங்க. பூசையில வச்சுக்கிடுதோம்."

சண்முகத்தாய் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"அது அன்னிக்கே சாம்பாராயிருச்சு" என்றாள். "தலைக்குள்ள ஒண்ணு எல்லாருக்கும் வச்சிருக்கு. அத ஒருநாளாச்சும் எடுத்துப் பொளங்குங்க. அதுக்குப் பூசையும் வேண்டாம், தட்டும் வேண்டாம்."