கோல் துரை

உலகத்தில் வெள்ளைக்காரர்கள் இரண்டே வகை. ஒன்று, இங்கிலீஷ் பேசுகிறவர்கள். இன்னொன்று, எங்கள் கோல் துரை.

அறுபதுகளின் தொடக்கம். கடலூர் முதுநகரில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தா. கரைக்கும் கப்பலுக்கும் ஓடும் லாஞ்சுகளின் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் துரை. ஸ்காட்லாந்துக்காரர். தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், கஸ்டம்ஸ் அதிகாரியையே "இன்னா மச்சான், சாப்ட்டியா?" என்பார். அதிகாரியும் வேறு வழியில்லாமல் "ஆச்சு மச்சான்" என்பார்.

இளமையில் அவர் ஊரில் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவர்.

"பந்து ஒதைக்கச் சம்பளமா? எங்கூட்ல ஒதைதான் கெடைச்சுது" என்று எங்கள் ஹெட்கிளார்க் பெருமூச்சு விட்டார்.

சுரங்கத்தில் கரி வெட்டியவரை ஒரு கிளப் பிடித்துக்கொண்டு போனதாம். கோப்பைக்கான கடைசி ஆட்டம். மழை, மூடுபனி, ஊறிக் கனத்த தோல் பந்து. கடைசி நிமிஷத்தில் துரையின் காலிலிருந்து கோல்! இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கத்திரி வெயிலில் கேட்டுக்கொண்டிருந்த ஹெட்கிளார்க் இரண்டு முறை தும்மினார்.

ஒருமுறை சிதம்பரத்தில் கல்லூரிப் பையன்களோடு எங்கள் கம்பெனி டீம் மோதியது. இடைவேளையில் துரை கதையை ஆரம்பித்தார். இரண்டு டீமும், ரெஃபரியும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். மூடுபனி விலகி கோல் விழுந்தபோது சிதம்பரம் இருட்டியிருந்தது. இரண்டாம் பாதி நடக்கவேயில்லை. அந்த மயக்கத்தில் கல்லூரிக்காரர்கள், விளையாட்டு விழாவுக்கு அவரையே தலைமை தாங்க அழைத்தார்கள்.

விழாவுக்கு முன்னால் ஒரு கப்பல் வந்தது. அதன் கிழட்டுக் கேப்டனும் ஸ்காட்லாந்துக்காரர். ஆபீசில் துரையின் பேரைக் கேட்டதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அந்த ஆளா! சேம் சைடு கோல் போட்டுக் கோப்பையைத் தொலைத்தவன். எங்கள் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை!"

வாசலில் எண்ணெய்க் கையோடு துரை நின்றிருந்தார். கேப்டன் போனதும் உள்ளே வந்தார்.

"கோல் போட்டேன்னுதான் சொன்னேன் மச்சான். எந்தப் பக்கம்னு நீங்க கேக்கவே இல்லியே" என்றார் துரை. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சிதம்பரத்துக்கு நா வரல. வேற ஆளப் பாருங்க."

"பேரு போட்டு நோட்டீஸ் அடிச்சிட்டாங்க தொர. நாங்க கூட வர்றோம், வாங்க" என்றார் ஹெட்கிளார்க்.

விழாவுக்குப் போனோம். மாலையும் கழுத்துமாகத் துரை மைக்கைப் பிடித்தார்.

"பசங்களா, நா போட்டது சேம் சைடு கோலு" என்றார்.

மைதானம் சிரித்தது. அவர் காத்திருந்தார்.

"பனியில ஒண்ணும் தெரியல. எங்க கோல்கீப்பருக்குத் தட்டி வுட்டேன். பந்து அவனத் தாண்டி, மெதுவா, தூக்கத்துல நடக்குற மாதிரி உள்ள போச்சு. அவ்ளோ ஜனம், ஒரு சத்தமில்ல. அடுத்த சனிக்கிழம மறுபடியும் எறங்குனேன். எல்லாரும் ஊளையிட்டாங்க. ஆடுனேன். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் ஆடுனேன். நல்லாவே ஆடுனேன். அத யாரும் கேக்கறதில்ல."

அப்புறம் விழுந்த கைதட்டலில் ஷாமியானா ஆடியது.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று சில்லென்று அடித்தது. துரை மாலையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். ஹெட்கிளார்க் எழுந்து போய் ஜன்னலை இறக்கிவிட்டார். முதுநகர் ஸ்டேஷன் வந்தது. அவரை எழுப்ப ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. எல்லோருமாக அடுத்த ஸ்டேஷன் திருப்பாதிரிப்புலியூர் வரை போனோம்.