இரவல் துப்பாக்கி

ஞானஒளிவு தம்முடைய ஐம்பத்தாறு வயதுக்குள் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் கல்யாணமே செய்துகொண்டாரோ என்னவோ. யார் எதைக் கேட்டாலும் முகம் மலர்ந்து, "எனக்கென்ன, தாராளமா! வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்பார். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கா" என்பார். பைக் கேட்டவர், ஏணி கேட்டவர், ஜாமீன் கையெழுத்துக் கேட்டவர் எல்லாரும் அவருக்காகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள். இதில் முக்கால்வாசி விண்ணப்பங்கள் அவர் மனைவி தங்கபாயின் காதுக்கே எட்டியதில்லை.

இந்த அருமையான ஏற்பாட்டுக்குச் சுடலைமணியால் ஆபத்து வந்தது. சுடலைமணி பள்ளிக்கூடச் சிநேகிதர். சங்கரன்கோவிலில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறார். போன வாரம் அவர் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் தூங்கவில்லை.

ஞானஒளிவிடமோ ஒரு துப்பாக்கி இருந்தது. கரிவலம்வந்தநல்லூர் வயலில் பன்றி விரட்ட அப்பா வாங்கியது. லைசென்ஸ் இப்போது இவர் பெயரில். இவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், தேர்தல் முடிந்ததும் வாங்கி வருவார். ஆனால் வாங்கி வரும் நாளில் மட்டும் நேர்வழியில் வர மாட்டார். நாலு தெரு சுற்றி, நாலு பேர் பார்க்கத்தான் வருவார். இந்தத் தடவை சுடலைமணி பார்த்துவிட்டார்.

"ஏலே ஒளிவு, அத ஒரு மாசம் என்ட்ட குடு. எவனாவது செவரேறிக் குதிக்கட்டும், பொசுக்கிருதேன்."

"உனக்கில்லாததாலே! வீட்ல ஒரு வார்த்தை..."

"நாளைக்குக் காலைல நானே வீட்டுக்கு வாரேன்."

வீடு வந்து சேர்ந்த ஞானஒளிவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைசென்ஸ் இல்லாதவன் கையில் கொடுத்தால் ஜெயில். அதைவிடப் பெரிய பயம், சுடலைமணியின் அவசர புத்தி. காம்பவுண்டில் ஏதோ நிழலாடுகிறது என்று உலக்கையை வீசி, அக்காளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவந்த சொந்த மச்சானின் முழங்காலைப் பெயர்த்தவர் அவர். உலக்கைக்கு முழங்கால் என்றால் துப்பாக்கிக்கு என்ன போகும்? கொடுக்கவே கூடாது. ஆனால் நாற்பது வருஷச் சிநேகிதனிடம் அதை யார் சொல்வது? தங்கபாய்தான் சொல்ல வேண்டும்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சுடலை நம்ம துப்பாக்கியக் கேக்கான்."

"குடுங்க."

ஞானஒளிவு காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"துப்பாக்கிட்டி! தோசைக்கல்லு இல்ல."

"தெரியும். பாவம், அண்ணாச்சி பயந்துபோயில்லா இருக்காவ. குடுங்க."

"யாரையாவது சுட்டுட்டான்னா?"

"பின்ன, சட்ட காயப்போடவா கேக்காவ?"

"லைசென்ஸ் என் பேர்ல இருக்குட்டி. என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவான்."

"போடட்டும். பாளையங்கோட்டைக்கு பஸ்ஸு கிடக்கு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு நேர வந்து பாக்கேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு பேச்சை வேறு வழியாகக் கொண்டுவந்தார்.

"அந்தச் சுடலை உன் மீன்குழம்பு வாயில வைக்க வெளங்கலன்னான், தெரியுமா?"

"அன்னைக்கு உப்பு கூடிப்போச்சு. நெசத்தத்தான சொல்லியிருக்காவ."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லேன்ட்டி!" என்று கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

தங்கபாய் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இருவத்தெட்டு வருசமா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேனாமே, எனக்கே தெரியாம! சுடலைமணி அண்ணாச்சி மக சடங்குல பந்தியில உக்காந்திருக்கேன். பின்னால ஒருத்தி சொல்லுதா, 'இந்தா இவதான், புருசன ஆட்டிப் படைக்கிறவ, ஒரு ஏணிகூடக் குடுக்க விடமாட்டா'ன்னு. சோத்துல வச்ச கைய எடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

ஞானஒளிவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளைக் காலையை நினைத்த பயம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

காலையில் சுடலைமணி துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பழைய ஜமுக்காளத்தோடு வந்தார். கூடவே மனைவி முத்துமாரியும் வந்தாள்.

ஞானஒளிவு கடைசி முயற்சியாக அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"எனக்குக் குடுக்க ஆசதான்லே. வீட்லதான் என்ன சொல்லுதாளோ..."

தங்கபாய் காப்பித் தட்டோடு சிரித்தபடி வந்தாள்.

"அண்ணாச்சி கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவனா? எனக்கு முழுச் சம்மதம். இனிமே இவுகளாச்சு, நீங்களாச்சு."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். ஞானஒளிவு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தம் சொந்த வாயைத் திறந்தார்.

"முடியாதுலே. சட்டத்துல இடமில்ல. இருந்தாலும் உன் கையில குடுக்க மாட்டேன். நீ கொலைகாரனாயிருவ."

சுடலைமணி திகைத்து நிற்க, முத்துமாரிதான் பெருமூச்சு விட்டாள்.

"நல்லாருப்பீய அண்ணே! என் தம்பி அடுத்த வாரம் வீட்டுக்கு வாரேன்னிருக்கான். வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா வந்தேன்." பிறகு தங்கபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா மதினி, நீங்க இம்புட்டுத் தங்கமானவியன்னு தெரியாமப் போச்சே. அப்ப இத்தன வருசமா இல்லேன்னு சொன்னதெல்லாம் இந்த அண்ணன்தானா?"

ஞானஒளிவு சுவரைப் பார்த்தார்.

"அப்ப கள்ளன் வந்தா நான் என்னல செய்ய?" என்றார் சுடலைமணி, அழாத குறையாக. "துப்பாக்கிதான் இல்ல. நீயாவது ஒரு மாசம் எங்க வீட்டு முன்பக்கத் தார்சால்ல வந்து படு. கூட ஒரு ஆளு இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

கள்ளன் வரும் வீட்டில், உலக்கை வீசுகிறவருக்குப் பக்கத்தில் படுக்கையா! ஞானஒளிவு நடுங்கிப்போய் மனைவியைப் பார்த்தார். கட்டிய புருஷனையாவது விட்டுக்கொடுக்காமல் இருப்பாள் அல்லவா?

தங்கபாய் உள்ளே போய் அவருடைய தலையணையை எடுத்து வந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. இவுகளுக்கு லைசென்ஸ் ஒண்ணும் வேண்டாம்."