பெண் பார்க்கப் போன காரின் ஙொய்ங்

லாரிக்கு பாடி கட்டும் ஊரில் பிறந்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும், "எனக்குத் தெரியலைங்க" என்று மட்டும் அவன் வாயில் வராது. நாமக்கல்லில் என் மாமாவுக்கு பாடி பட்டறை. லாரி முகப்பில் கலர் கலராக விளக்கு எரிய வைக்கிற வயரிங் என் பொறுப்பு. ஆகவே எனக்குச் சாபம் இரட்டிப்பு.

பள்ளிபாளையத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதென்று முடிவானது. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி ஜாதகத்தையே கையில் எடுக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். காரையாவது ஜோராகக் காட்டுவோமே என்று, எங்கள் பழைய காரில் புது பாட்டு செட், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் பெரிய ஸ்பீக்கர், பின்சீட்டுக்காரர்கள் பார்க்க ஒரு சின்னத் திரை எல்லாவற்றையும் முந்தின நாள் நானே மாட்டினேன். மாட்டித் தருகிறேன் என்றுதான் கடைக்காரர் சொன்னார். (எனக்கா? லாரிக்கே வயரிங் போடுகிற எனக்கா?) லாரியில் செய்வதுபோலவே, பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரையும் பாட்டு போகும் மெல்லிய வயரையும் சேர்த்து, டேப் சுற்றி, ஒரே கட்டாகப் பின்னால் கொண்டுபோனேன். பார்க்க அவ்வளவு அழகு!

காலையில் கிளம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பாட்டுக்குள்ளிருந்து "ஙொய்ய்ய்ங்" என்றது. மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா காதைத் தீட்டிக்கொண்டார். "மாப்ள, பாட்டக் கொற."

வால்யூமை முழுக்கக் குறைத்தேன். பாட்டு போய்விட்டது. ஙொய்ங் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா? செட்டு இல்ல, இஞ்சினுதான். ஆல்டர்னேட்டர் பேரிங் போச்சு."

ஆல்டர்னேட்டர் என்பது ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் சாமான். நானும் பெரிய இவனாட்டம், "ஆமாங்க மாமா, அதேதானுங்க" என்றேன்.

பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னார்: "சாமி, சத்தம் எம் முதுகுக்குப் பின்னால இருந்து வருது. இந்த டிவிலயும் கோடு கோடா ஓடுது."

"அக்கா, நீ சித்த சும்மா இரு" என்றார் மாமா.

பள்ளிபாளையம் நெருங்கியதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சத்தத்தோட பொண்ணு ஊட்டு வாசல்ல போயி நின்னா மானம் போயிரும். ஓரங்கட்டு." பெண் பார்க்கப் போகும்போதும் ஸ்பேனர் பை இல்லாமல் கிளம்பாத மனிதர் அவர். பேனட்டைத் திறந்து, வெள்ளைச் சட்டையோடு குனிந்து, ஆல்டர்னேட்டரைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கழற்றினார். ஆல்டர்னேட்டர் நின்றது, ஙொய்ங்கும் நின்றது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. "பேட்டரிலயே போயிரலாம், உடு."

எங்கள் பட்டறைக்கு வரும் பழைய லாரிகளில் ஆல்டர்னேட்டருக்குத் தனி பெல்ட். எங்கள் காரிலோ, ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. இது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பெண் வீட்டு வாசலில் கோலம், வரவேற்க ஒரு கூட்டம். அதன் முன்னால் பேனட்டிலிருந்து ஆவி பறக்க நாங்கள் போய் நின்றோம்.

"ஐயோ, வண்டி பத்திக்கிச்சுங்கோ!"

காபித் தட்டோடு வரவேண்டிய பெண் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. "ஊத்தாதீங்க அம்மணி! சூட்டுல ஊத்துனா இஞ்சின் வெடிப்பு உட்டுரும்!" என்று மாமா கத்தினார். பிறகு அவரே குடத்தை வாங்கி மடமடவென்று குடித்தார்.

வண்டி ஆறியது. பெல்ட்டை மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். ஙொய்ய்ய்ங். "மொத மொத வர்றப்பவே இப்பிடியா" என்று யாரோ ஒரு பெரியவர் முனகினார். பெண்ணின் அப்பா முகம் வாடியது. போச்சு, இதுவும் போச்சு!

"ஏனுங்க, அந்தப் பாட்டு செட்ட அணைச்சுப் பாத்தீங்களா?" பெண்தான் கேட்டாள்.

"அதெல்லாம் அப்பவே கொறச்சுப் பாத்தாச்சு அம்மணி" என்றார் மாமா.

"கொறச்சீங்க. அணைச்சீங்களா?"

நான் பொத்தானை அமுக்கினேன். ஙொய்ங் பட்டென்று நின்றது. இஞ்சின் மட்டும் பாவம், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா வானத்தைப் பார்த்தார். "முதுகுக்குப் பின்னாலன்னு வழி நெடுகச் சொன்னேனே, எவன் கேட்டான்?" என்று அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்.

உள்ளே கூட்டிப்போய் அவள் அப்பா விருப்பத்தைக் கேட்டாராம். "இவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஊட்டுல ஒரு ஆளு வேணுமுங்கப்பா" என்றாளாம். அந்தப் பதிலுக்காக அன்றைக்கு நான் பட்ட அவமானம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை படலாம்.

வயர்க் கட்டைப் பிரித்து, தடித்ததை இந்தப் பக்கமும் மெல்லியதை அந்தப் பக்கமுமாகக் கொண்டுபோனதும் காரில் சத்தம் ஒழிந்தது. ஆல்டர்னேட்டரின் இரைச்சல் தடித்த வயரிலிருந்து பாட்டு வயருக்குத் தாவி, செட்டில் எவ்வளவு குறைத்தாலும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது. பார்க்கத்தான் அழகில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் நான் கோபத்தில் கத்துவேன். பிறகு பெருந்தன்மையாகக் குரலைத் தாழ்த்தி முனகிக்கொண்டிருப்பேன். உடனே அடுப்படியிலிருந்து கேள்வி வரும்: "கொறச்சிருக்கீங்களா, அணைச்சிருக்கீங்களா?"

அணைத்துவிடுகிறேன்.