என் மனைவி எழுதாத நாற்பத்தொரு கடிதங்கள்

ஸ்டென்விக், மினசோட்டா
மே 9

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஹார்லன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஓர்வில் எழுதுவது. இங்கே நானும் லெனோரும் நாயும் சுகம், ஏரியும் உருகிவிட்டது. அங்கே அரிசோனா வெயிலில் நீங்களும் உங்கள் புது இடுப்பு மூட்டும் சுகமென்று நம்புகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம். நேற்று உங்கள் தங்கை ஃபெடரல் நீதிபதியாகப் பதவியேற்றாள். ஆயுசுக்கும் பதவி. அது என்னால் கைநழுவிப் போக இருந்தது. ஊரார் வாயால் நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

லெனோரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேக்கரி மாடியில் உட்கார்ந்து விவசாயிகளுக்கு உயில் எழுதிக் கொடுத்தது நாலு வருஷம், அரசு வக்கீலாக ஒன்பது வருஷம், மாநில நீதிபதியாகப் பதினோரு வருஷம். இத்தனைக்கும் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டியவள் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் அவள் சொன்ன தப்பான தீர்ப்பு. போன இலையுதிர்காலத்தில் இந்தப் பதவிக்கு ஜனாதிபதி மாளிகையிலிருந்து அழைப்பு வந்தது, பின்னாலேயே செனட்டிலிருந்து ஒரு படிவமும் வந்தது. பதினெட்டு வயசிலிருந்து பார்த்த வேலை, சேர்ந்த சங்கம், பேசிய கூட்டம், அச்சில் வந்த ஒவ்வொரு வரி, எல்லாவற்றையும் எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். சமையலறை மேஜையில் மூன்று வாரம் உட்கார்ந்தாள். சர்ச் சமையல் புத்தகத்துக்குக் கொடுத்த ருபார்ப் பை என்ற இனிப்புப் பண்டத்தின் செய்முறையைக்கூடச் சேர்த்தாள். நான் சிரித்தேன்.

"சிரிக்காதே ஓர்வில். ஒண்ணு விட்டாலும் பொய் சத்தியம்தான். வேற ஏதாவது இருக்கா, யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

படகு எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

விஷயம் இதுதான் மச்சான். நம் ஊர் வாரப் பத்திரிகையில் ஓர் ஆளுக்கு மாதம் ஒரு வாசகர் கடிதம்தான் போடுவார்கள். எனக்கோ மாதத்துக்கு இரண்டு அபிப்பிராயமாவது வந்துவிடும். இரண்டாவதை லெனோர் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் பத்திரிகை படிப்பதே இல்லை, மீன் சுற்றத்தான் எடுப்பாள். கோர்ட்டு வாசலில் யாராவது "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றால் தன் தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நன்றி சொல்லிவிடுவாள். பூங்காவை நாசம் செய்யும் காட்டு வாத்துகள், பனி தள்ளும் வண்டிக்காரன் இடித்துச் சாய்த்த என் தபால் பெட்டி, இதெல்லாம் போனால் போகட்டும். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஃபெடரல் கோர்ட்டில் ஜூரியாக வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. பனியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் நாள் முழுக்க பெஞ்சைத் தேய்த்தால், சாயங்காலம் நீதிபதி வந்து "வழக்கு ராஜியாகிவிட்டது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். வந்த கோபத்தில் எழுதிவிட்டேன். 'ஃபெடரல் நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி எதற்கு? ஆளுக்கு ஒரு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டவிட்டால்தான் புத்தி வரும். இப்படிக்கு, லெனோர் டிவேட்.'

இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாயிடம் சொன்னேன். அதற்குள் லெனோரைப் பற்றி விசாரிக்க எஃப்.பி.ஐ.யிலிருந்து ப்ரூயிட் என்று ஓர் இளைஞர் வந்து அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் தட்டினார். பக்கத்து வீட்டு வெர்னாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"லெனோரா? தங்கமான பொம்பளை. கேசரோல் குடுத்தா பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பித் தருவா. ஆனா பேப்பர்ல எழுத உக்காந்தா மட்டும் பேய் பிடிச்ச மாதிரி எழுதுவா! வாத்துங்களைப் பத்தி எழுதினது இன்னும் என் ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு, பாக்கறீங்களா தம்பி?"

தம்பி பார்த்தார். பத்திரிகை ஆபீசுக்கும் போனார். மறுநாள் ஒரு காகிதக் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, உங்க நாப்பத்தியொரு கடிதம் படிவத்துல இல்லையே?" என்றார்.

லெனோர் கட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அவர் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொன்றையும் ஒரே மூச்சில் படித்தாள், ஆயுள் பதவிக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை.

"நீயே எழுதினதுன்னு போட்டுடேன் லெனோர்" என்று முனகினேன். "ஏதோ கோபத்துல எழுதிட்டேன்னு சொன்னா விட்டுடுவாங்க. வீட்டுக்குள்ள ஏமாந்தேன்னு சொன்னாத்தான் சிரிப்பாங்க."

"ஜட்ஜ் ஆகறதுக்குப் பொய் சத்தியம் பண்ணச் சொல்றியா? இருபத்திநாலு வருஷம் உழைச்சு இந்த இடத்துக்கு வந்திருக்கேன். போச்சுன்னா போகட்டும். நடந்ததைத்தான் எழுதுவேன்."

அப்படியே எழுதினாள். நாற்பத்தொரு கடிதம், எழுதியது கணவர், எனக்குத் தெரியாது, என்று. கீழே நானும் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் மச்சான் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் வாஷிங்டனில் செனட் விசாரணை நடந்தது. உங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நரைத்த தலை செனட்டர் ஒருவர் அந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு, "ஜட்ஜம்மா, ஆயுள் பதவி கூடாதுன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க செனட்டர். எங்க வீட்டுலயே ஒருத்தருக்கு ஆயுள் பதவி குடுத்து வச்சிருக்கேன். எவ்வளவு பொறுத்துக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அவர் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"குத்தத்தை ஒத்துக்கிட்டார். ஒரு வருஷம் பேப்பருக்கு எழுதக் கூடாதுன்னு தீர்ப்பு. அப்பீல் கிடையாது."

மண்டபமே சிரித்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஏப்ரல் கடைசியில் செனட் வாக்கெடுப்பில் அவள் நியமனம் நிறைவேறியது. நேற்று அவள் உறுதிமொழி எடுக்கும்போது பைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கறுப்பு அங்கியோடு அவள் திரும்பிப் பார்த்து, "கோட்டுல கடுகு சாஸ் கறை, தொடைச்சுக்கோ" என்றாள். நான் அழுததாக வெர்னா சொல்வாள். நம்புங்கள், அழுதேன்.

எனக்குப் புத்தி வந்துவிட்டது. தண்டனை முடியும்வரை பத்திரிகை ஆபீஸ் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். உங்கள் புது மூட்டு பழைய மூட்டைவிட நீண்ட நாள் உழைக்கட்டும். அண்ணிக்கு எங்கள் அன்பு.

திருந்திய மைத்துனன்,
ஓர்வில் டிவேட்

பி.கு.: நகரசபை பூங்கா வாசலில் வாத்துக்குச் சிலை வைக்கப் போகிறதாம். வாத்துக்கு! ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதினாலும் போடுவோம் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். செவ்வாய்க்கிழமை கடைசி நாள் என்பதால் அனுப்புமுன் உங்களைக் கேட்க நேரமில்லை. இந்த வயதில் உங்களை யாரும் எந்தப் பதவிக்கும் நியமிக்கப் போவதில்லை என்ற தைரியம்தான். அச்சில் வந்ததைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.